142-ல் 87: டர்பன் கலவரத்தை வகுப்பில் எடுப்பது

"எதுக்கு அந்தப் பழைய புண்ணக் கிளறணும்?" 1949 ஜனவரியில் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடுவே மூண்ட கலவரத்தைப் பள்ளியில் நடத்தலாமா என்று பேச்செடுத்தாலே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலில் வந்து விழும் பதில் இதுதான். ஆசிரியர் அறையிலும் கேட்கலாம், கோயில் அன்னதானப் பந்தியிலும் கேட்கலாம். புண் ஆறிவிட்டதென்றால் கிளற வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் ஆறியதாகத் தெரியவில்லை. இந்தியர் பெரும்பான்மையாக வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளரும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை கிரேட் 11-க்கு வருவதற்குள் ஆயாவிடமோ பெரியப்பாவிடமோ கலவரக் கதையைக் கேட்டுவிடுகிறது: கேட்டோ மேனரில் வீட்டைக் கொளுத்தினார்கள், கட்டிய துணியோடு ஓடினோம். அதே வகுப்பில், பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஜூலு இன ஆப்பிரிக்கப் பிள்ளையும் அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டிருக்கிறது. அங்கே கதை வேறு: கடையில் எடை குறைத்தார்கள், பஸ்ஸில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள், குடிசைக்கு வாடகையைக் கறந்தார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பாடப்புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். அதில் 1948 தேர்தல் முடிந்ததும் அபார்தைட் என்ற இன ஒதுக்கல் சட்டங்களின் வரிசை, உடனே 1952 எதிர்ப்பு இயக்கம். நடுவில் இருக்கும் ஜனவரி மாதம் அவரவர் வீட்டுக் கூடத்தோடு நின்றுவிடுகிறது.

அபார்தைட் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமும் இதைத் தொடவில்லை. தொட முடியாது, அதன் வரம்பு 1960 மார்ச் 1-ல்தான் தொடங்குகிறது. அதே மாதம் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டுக் கொன்ற 69 பேருக்கு அந்த வரம்பில் இடம் உண்டு. 1949-ல் செத்தவர்களுக்கு இல்லை. ஆகவே இந்தக் கதைகளை யாரும் பொது இடத்தில் வைத்துக் கேள்வி கேட்டதில்லை. எழுபது வருஷத்துக்கு மேலாக அவை கேட்டவரிடமிருந்து கேட்டவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. வரலாற்று வகுப்பு இதற்குச் சரியான இடம் என்று நான் நினைப்பது இதனால்தான். நல்லிணக்கம் வளர்ப்பது பிறகு இருக்கட்டும். சான்றைப் படிக்கக் கற்றுக்கொடுக்க இதைவிடக் கூர்மையான பாடம் இந்த ஊரில் கிடையாது.

எடுக்கலாமா வேண்டாமா என்பதைவிட எந்த வரிசையில் எடுப்பது என்பதுதான் என்னைக் குடைகிறது. நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் பலரும் இதை வீட்டுக் கதையில் தொடங்குகிறார்கள். 'உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள்' என்று முதல் நாளே வீட்டுப்பாடம் போய்விடுகிறது. மறுநாள் வகுப்பு இரண்டு முகாமாகத்தான் வந்து உட்காரும். கதையைச் சொல்லும் பிள்ளை தன் குடும்பத்துக்கு வக்கீலாகிவிடும்; அதற்குப் பிறகு எந்தச் சான்றைக் காட்டினாலும் அது கட்சிக்காரரின் சான்றுதான். கதை மூன்றாம் நாள் வரட்டும். முதலில் வரைபடம், பிறகு எண்கள்.

வரைபடத்தோடு ஒரு பீரியட்

இதற்கு கிரேட் 11-தான் தோது. கிரேட் 9-ல் சமூக அறிவியலுக்கு வாரம் மூன்று மணி நேரம். அதில் பாதி புவியியலுக்குப் போய்விடும். கிரேட் 11-ல் வரலாற்றுக்கு மட்டுமே வாரம் நான்கு மணி நேரம் இருக்கிறது. 1940-லிருந்து 1960 வரையிலான அபார்தைட் பாடத்துக்குள் இதற்கு நான்கு பீரியட் ஒதுக்கினால் போதும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

முதல் பீரியடில் கலவரம் என்ற சொல்லே வர வேண்டாம். டர்பனின் பழைய வரைபடம் ஒன்றை ஏ3 தாளில் நகலெடுத்து நான்கு பேருக்கு ஒன்று கொடுங்கள். பேனா வேண்டாம், பென்சில். விக்டோரியா தெரு பஸ் நிறுத்தம், இந்தியர் மார்க்கெட், கிரே தெருக் கடைகள், துறைமுகம், சொம்ட்சு ரோடு ஆண்கள் விடுதிகள், மேற்கே கேட்டோ மேனர். பழைய பெயருக்குப் பக்கத்தில் இன்றைய பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். விக்டோரியா தெரு இன்று பெர்த்தா ம்கீஸே தெரு. கிரே தெரு இன்று டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. இதைச் செய்யாமல் விட்டால், தாம் சனிக்கிழமை தோறும் டாக்ஸி பிடிக்கும் இடம்தான் அது என்பது பாதிப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை உறைக்காது.

பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்வி: இங்கே நிலம் யாருடையது? இங்கே வாடகை கொடுப்பது யார்? இங்கே யார் எதை வாங்கலாம் என்று சட்டம் எழுதியது யார்? கேட்டோ மேனரை எடுத்துக்கொண்டால் முதல் இரண்டுக்கும் விடை சட்டென்று வரும். ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கரும்புக் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே நிலம் வாங்கிக் காய்கறி போட்டார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொழிற்சாலை வேலைக்கென்று ஆப்பிரிக்கர்கள் நகரத்துக்குத் திரண்டு வந்தபோது, அந்தக் காய்கறி நிலத்தில் குடிசை போட இடம் வாடகைக்குப் போனது. நகரத்தில் நிலம் வாங்க ஆப்பிரிக்கருக்குச் சட்டம் ஏறக்குறைய வழியே விடவில்லை. இந்தியருக்கும் 1943-ல் ஒரு சட்டம், 1946-ல் 'கெட்டோ சட்டம்' என்று மக்கள் பெயர் வைத்த இன்னொரு சட்டம். புதிதாக எங்கே வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்பதற்கெல்லாம் கட்டு. குடிசைக்காரர் தினமும் முகம் பார்ப்பது இந்திய வீட்டுக்காரரை, இந்தியக் கடைக்காரரை, இந்திய பஸ் கண்டக்டரை. சட்டம் எழுதியவரை அவர் பார்ப்பதே இல்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் பிள்ளைகள் வரைபடத்தில் இடம் தேடித் தடுமாறுவார்கள். தடுமாறட்டும், விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, குழுக்களைப் பிள்ளைகளே பிரித்துக்கொள்ளும்படி விடுவது. நண்பர்களோடு நண்பர்கள் சேர்ந்தால் குழு தானாகவே இனவாரியாகிவிடும். வருகைப் பதிவேட்டு எண்ணை வைத்துப் பிரித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 'இந்தியர் இரண்டு, ஆப்பிரிக்கர் இரண்டு' என்று ஆசிரியரே எண்ணி உட்கார வைப்பது அதைவிட மோசம். பிள்ளைகள் அதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எண்கள் வரும் பீரியட்

பாடம் திரும்பும் இடம் இதுதான். அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

நடந்ததை முதலில் ஐந்து வாக்கியத்தில் சொல்லுங்கள். 1949 ஜனவரி 13, வியாழக்கிழமை மாலை, விக்டோரியா தெருப் பக்கம் ஓர் இந்தியக் கடைக்காரர் 14 வயது ஆப்பிரிக்கச் சிறுவனை அடித்தார். சிறுவனின் தலை கண்ணாடியில் மோதி ரத்தம் கொட்டியது. பஸ்ஸுக்காகக் காத்திருந்த கூட்டம் இந்தியர்கள்மீதும் அவர்கள் கடைகள்மீதும் பாய்ந்தது. மறுநாள் கேட்டோ மேனர் உள்ளிட்ட பகுதிகளில் தீ வைப்பும் கொலையும் பெருகின. காவல்துறையோடு ராணுவமும் கடற்படையும் இறக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடு நடந்தது. இதற்கு மேல் ஒரு பெயரடைகூட வேண்டாம்.

பிறகு கரும்பலகையில் ஒரே ஓர் எண்: 142. இறந்தவர்களின் தொகை. அதற்குக் கீழே நான்கு காலிக் கட்டங்கள்: ஆப்பிரிக்கர், இந்தியர், வெள்ளையர், அடையாளம் தெரியாதவர். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைத் தனித்தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பேசக் கூடாது, பக்கத்துத் தாளைப் பார்க்கக் கூடாது. மூன்று நிமிஷம் போதும். ஊகத்தை எழுத வைக்காமல் எண்ணை மட்டும் அறிவித்தால் எல்லாரும் 'தெரியுமே' என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எழுதிய தாள் கையில் இருந்தால் நழுவ முடியாது.

எந்த வீட்டுப் பிள்ளையானாலும் இந்தியர் கட்டத்தில்தான் பெரிய எண்ணைப் போடும். நூறு, நூற்றுப்பத்து, நூற்றிருபது. கலவரத்துக்கு வழக்கில் இருக்கும் பெயரே இந்தியருக்கு எதிரான கலவரம் என்பதால் வேறு மாதிரி ஊகிக்க யாருக்கும் காரணம் இல்லை. அதற்குப் பிறகுதான் அரசு விசாரணைக் கமிஷனின் கணக்கைக் கட்டங்களில் நிரப்ப வேண்டும்: ஆப்பிரிக்கர் 87, இந்தியர் 50, வெள்ளையர் 1, அடையாளம் தெரியாதவர் 4.

இந்த இடத்தில் ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும், அடக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை கேட்டே தீரும்: அப்படியென்றால் அந்த 87 பேரைக் கொன்றது யார்? அந்தக் கேள்வியை, கேட்ட பிள்ளையின் வார்த்தையிலேயே பலகையில் எழுதிவிட்டு அட்டவணையைக் காட்டுங்கள். இதில் விடை இருக்கிறதா? இல்லை. எந்த இனம், எத்தனை பேர் என்று கமிஷன் எண்ணியிருக்கிறது. எதனால் செத்தார்கள் என்று சொல்லும் பத்தி இந்த அட்டவணையில் கிடையாது. ஒரு சான்று எதைச் சொல்கிறது என்பதோடு எதற்கு அதில் இடமே விடவில்லை என்றும் பார்க்க வேண்டும் என்பதை வருஷம் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னாலும் ஏறாது. இந்த ஒரு காலி இடம் ஏற்றிவிடும்.

இரண்டாவது அட்டவணையை உடனே கொடுக்கலாம். காயம்பட்டவர்கள் 1,087: ஆப்பிரிக்கர் 541, இந்தியர் 503, வெள்ளையர் 32, கலப்பினத்தவர் 11. கால்குலேட்டரை எடுக்கச் சொல்லுங்கள். இந்தியரில் இறந்த ஒருவருக்குக் காயம்பட்டவர் ஏறக்குறைய 10. ஆப்பிரிக்கரில் 6-க்குச் சற்று மேல். காயம்பட்டவர் எண்ணிக்கை கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்போது சாவு மட்டும் ஒரு பக்கம் இவ்வளவு ஏறுவானேன்? தடிக்கும் கல்லுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். பிடித்ததும் பாராட்டிவிட்டு, அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: இது நிரூபணமா, ஊகமா? ஊகம்தான். நல்ல ஊகம், தேடிப் பார்க்கத் தகுந்த ஊகம். கைதுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத காயக்காரர்கள் இருந்திருந்தால் இந்த விகிதமே மாறிவிடும். அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மணி அடிப்பதற்குள் மூன்றாவது அட்டவணை வந்தாக வேண்டும். இதைத் தவறவிட்டால் பெரிய ஆபத்து. 87 என்ற எண்ணைக் கண்டதும் சில பிள்ளைகள் ஒரே பாய்ச்சலில் மறுகோடிக்குப் போய்விடுவார்கள்: அப்போ இந்தியருக்கு ஒன்றுமே ஆகவில்லை, நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கட்டடக் கணக்கு: முற்றிலும் அழிந்தவை 247 வீடு, 58 கடை, ஒரு தொழிற்சாலை. சேதமானவை 1,285 வீடு, 652 கடை, இரண்டு தொழிற்சாலை. எரிந்தவற்றில் மிகப் பெரும்பான்மை இந்தியருடையவை. ஆயா சொன்ன தீ பொய்யில்லை. இரண்டு எண்களையும் ஒரே நேரத்தில் தலைக்குள் வைத்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் அந்த நாளுக்கான சோதனை. வீட்டுப்பாடம் எட்டு வரிதான்: 'இந்த மூன்று அட்டவணைகளில் ஒன்றை மட்டும் வைத்திருந்தால் என்ன தவறான முடிவுக்கு வந்திருப்பாய்?'

கமிஷனின் கணக்கென்றால் சத்தியவாக்கா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நீதிபதி வான் டென் ஹீவர் தலைமையில் உட்கார்ந்த அந்தக் கமிஷன், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்கும் நேட்டால் இந்தியக் காங்கிரசுக்கும் இடம் தரவில்லை, அவர்கள் வெளியேறிவிட்டார்கள். பிணங்களை எண்ணியதில் அதை நம்பலாம், காரணம் சொன்னதில் நம்ப வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். அரசு ஆவணமும் புரளும் என்பதற்குப் பத்தே நிமிஷத்தில் காட்டக்கூடிய உதாரணம் அகமது திமோல். அவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். 1971 அக்டோபர் 27-ல் போலீஸ் காவலில் இருந்தபோது ஜொஹானஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் காவல் நிலையத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 1972 மரண விசாரணை தற்கொலை என்றது. 2017-ல் மறுபடி விசாரித்த நீதிபதி பில்லி மோத்லே கொலை என்றார். இரண்டுமே நீதிமன்றத் தாள்கள்தான். இதைத் தனிப் பாடமாக விரிக்க ஆசை வரும். விரித்தால் 1949 நழுவிவிடும். பத்து நிமிஷம் தாண்டக் கூடாது.

கதைகளுக்கு மூன்று பத்தி

இனி வீட்டுக் கதைகள் வரலாம். 1949-ல் பத்து வயசாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயசு. நேரில் பார்த்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைப்பது 'எங்கம்மா சொல்வாங்க' என்று தொடங்கும் சாட்சியம். அதைத் தள்ள வேண்டியதில்லை. தாளை மூன்று பத்தியாக மடித்து, சொல்லப்பட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் அதனதன் இடத்தில் போட வேண்டும்: தானே பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது, தானாக முடிவுகட்டியது. 'பக்கத்துக் குடிசை ஜூலு அம்மா எங்களை ராத்திரி முழுக்கத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தார்' என்பது முதல் பத்தி. 'கூட்டத்தை வெள்ளைக்காரர்கள் தூண்டிவிட்டார்கள்' என்பது சொன்னவரைப் பொறுத்து இரண்டாவதாகவும் இருக்கலாம், மூன்றாவதாகவும் இருக்கலாம். வெள்ளையர் சிலர் வேடிக்கை பார்த்துக் கைதட்டியதாகச் சாட்சியங்கள் உண்டு. ஆனால் அந்தச் சாட்சியங்களை ஆயா படித்திருக்க மாட்டாரே, அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கப் பழக வேண்டும். 'அவங்களே அப்படித்தான்' என்ற வாக்கியம் எந்த வீட்டிலிருந்து வந்தாலும் மூன்றாம் பத்திக்கே போகும். பிள்ளைகளே அதை அங்கே எழுதும்போது ஆசிரியர் உபதேசம் செய்ய வேண்டிய அவசியமே எழாது.

கேள்விகளைத் தயார் செய்து கொடுத்தனுப்புங்கள். '1949-ல் என்ன நடந்தது?' என்று கேட்டால் ஊரே சொல்லும் கதைதான் திரும்ப வரும். எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், இரு பக்கமும் யார் இருந்தார்கள், செய்தியை யார் கொண்டுவந்தார், ஓடும்போது என்ன எடுத்துக்கொண்டீர்கள், திரும்பி வந்தபோது என்ன மிச்சம் இருந்தது: இவை வேலை செய்யும். போனில் பதிவு செய்வதானால் சம்மதத்தைப் பதிவிலேயே முதல் வாக்கியமாகக் கேட்டுவிட வேண்டும். இருபது நிமிஷத்துக்கு மேல் போனால் யாரும் எழுத்தாக்க மாட்டார்கள். அரைகுறைப் பதிவுகள் போனிலேயே கிடந்து அழியும்.

வகுப்பில் ஒரு ஜூலு மாணவியைப் பார்த்து 'உங்க மக்கள் என்ன சொல்றாங்க?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவள் யாருக்கும் பிரதிநிதி இல்லை, அவள் தாத்தா அன்று எஷோவேயில் மாடு மேய்த்துக்கொண்டிருந்திருக்கலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இதேதான். பாதிப் பேரின் குடும்பம் அப்போது கரும்புத் தோட்டப் பகுதிகளில் இருந்திருக்கும். கலவரத்தை நடித்துக் காட்டச் சொல்வது இன்னொரு பொல்லாத பழக்கம். நாடகத்தில் யாராவது ஒருவர் தீ வைக்க வேண்டும், யாராவது ஒருவர் ஓட வேண்டும். இடைவேளை மணி அடித்த பிறகும் அந்த வேஷம் மைதானம்வரை போகும். பட்டிமன்றமும் சரிப்படாது. இந்தியர் ஒரு கட்சி, ஆப்பிரிக்கர் ஒரு கட்சி என்று மேடை போட்டால், முதல் நாள் வரைபடத்தில் தேடிய மூன்றாவது ஆள் மறுபடி காணாமல் போய்விடுவார்.

எழுத்துச் சான்றுகளை ஐந்துக்குள் அடக்குங்கள். கமிஷன் அறிக்கைத் துண்டு ஒன்று, இந்தியர் நடத்திய பத்திரிகையிலிருந்து ஒன்று, இலாங்கா போன்ற ஜூலுப் பத்திரிகையிலிருந்து மொழிபெயர்த்து ஒன்று, வாய்மொழி ஒன்று, புகைப்படம் ஒன்று. வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் காந்தி–லுத்துலி ஆவண மையத்தில் நேர்காணல்களும் பழைய பத்திரிகைகளும் உண்டு. கில்லி கேம்பல் நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றும் பத்து வரிக்கு மேல் போகக் கூடாது. யார் எழுதியது, எப்போது, யாருக்காக என்ற வரியைச் சான்றுக்கு மேலே பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே சின்ன எழுத்தில் போட்டால் ஒரு பிள்ளையும் படிக்காது. சான்றில் இழிசொல் வந்தால் தாளில் இருக்கட்டும், அது ஆவணம். ஆனால் வகுப்பில் உரக்கப் படிக்கும்போது அந்தச் சொல்லைத் தாண்டிப் போவது என்று முன்கூட்டியே விதி வைத்துவிடுவது நல்லது. இரண்டு இனத்தாரையும் இழிக்கும் சொற்கள் வரும் என்பதால் விதி எல்லாருக்கும் பொதுவாகவே இருக்கும்.

கிரேட் 12 முடிவில் வரும் மேட்ரிக் தேர்வில் 'இந்தச் சான்று எவ்வளவு பயன்படும்?' என்று கேட்டு நான்கு மதிப்பெண் தருகிறார்கள், இரண்டு காரணத்துக்கு இரண்டிரண்டு. அதற்குப் பிள்ளைகள் எழுதும் வழக்கமான விடை: 'இதை எழுதியவர் இந்தியர், ஆகவே ஒருதலைப்பட்சமானது.' பூஜ்யம். எந்தச் சொல்லில் சாய்வு தெரிகிறது என்று அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும். ஒருதலைப்பட்சமான சான்றும் பயன்படும், அந்தத் தரப்பார் அன்று என்ன நம்பினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு இல்லை. நம்பகத்தன்மை வேறு, பயன் வேறு. 1949 பாடத்தில் இது புரிந்த பிள்ளை அடுத்த வருஷம் பனிப்போர்ச் சான்றுகளில் தடுக்கி விழாது.

லாபம் யாருக்கு

நான்காவது பீரியடில் அவசர அவசரமாக 'ஒற்றுமை'க்குத் தாவுவது நம் ஊரின் செல்ல வியாதி. 1947 மார்ச்சில், சேர்ந்து போராடுவதென்று ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் சூமாவும் இந்தியக் காங்கிரசுகளின் நாயக்கர், தாதூவும் கையெழுத்திட்ட 'டாக்டர்கள் ஒப்பந்தம்' இருந்தது. 1949 பிப்ரவரியில் இரு தரப்புத் தலைவர்களும் கூடிக் கூட்டறிக்கை விட்டார்கள். 1952-ல் எட்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து சிறை போனார்கள். எல்லாம் உண்மை, நடத்தவும் வேண்டும். ஆனால் தலைவர்கள் கைகோத்த படத்தோடு பாடத்தை முடித்தால், ஒப்பந்தத்துக்கு இரண்டு வருஷம் கழித்து அதே ஊரில் 142 பேர் செத்தது எப்படி என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். தலைவர்களின் கையெழுத்து கேட்டோ மேனர் வாடகைப் பிரச்சினை வரைக்கும் இறங்கவில்லை என்று சொல்லத் தயங்கக் கூடாது. டாக்டர் நாயக்கர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

முதல் நாள் வரைபடத்தைத் திரும்பக் கொடுத்து மேலும் மூன்று தேதிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். 1950: இனத்துக்கொரு குடியிருப்புப் பகுதி என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டம். இனங்கள் சேர்ந்து வாழ்ந்தால் வெட்டிக்கொள்வார்கள், பிரித்து வைப்பதே நல்லது என்ற வாதத்துக்கு டர்பன் கலவரம் வசதியான உதாரணமாயிற்று. 1958: கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதியென்று அறிவிப்பு, ஆப்பிரிக்கர்களைக் குவாமாஷுவுக்கு அனுப்பும் வேலை தொடங்கியது. 1960-கள்: இந்தியர்கள் சாட்ஸ்வொர்த்துக்கு. வாடகை வாங்கியவரும் போனார், வாடகை கொடுத்தவரும் போனார். வெள்ளையருக்கென்று பறித்த நிலத்தின் பெரும்பகுதி பல வருஷம் புதர் மண்டிச் சும்மா கிடந்தது. முதல் நாள் கேட்ட மூன்றாவது கேள்விக்குப் பென்சிலை எங்கே வைப்பது என்று இப்போது தெரிந்துவிடும். முடிந்தால் அந்த வாரமே குவாமூலே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஆப்பிரிக்கர்களுக்கு நகரத்தில் இருக்க அனுமதிக்கும் பாஸைக் கொடுத்தும் மறுத்தும் ஆண்ட அலுவலகக் கட்டடம் அதுதான்; சட்டம் எழுதியவருக்கு ஒரு முகவரி இருந்தது என்பது அங்கே கண்கூடாகத் தெரியும்.

கட்டுரைக்கு 50 மதிப்பெண். கேள்வியை 'கலவரத்தை விவரி' என்று வைத்தால் கதைதான் வரும். '1949 கலவரத்துக்கு முதன்மைக் காரணம் அரசின் நிலச் சட்டங்களே. எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறாய்?' என்று வைத்தால் வாதம் வரும். சட்டத்தின் மீதே எல்லாப் பழியையும் போட்டுவிட்டுத் தப்பிக்கும் கட்டுரைகளும் நிறைய வரும், அவற்றைச் சும்மா விடாதீர்கள். சட்டம் யாரையும் பெட்ரோல் ஊற்றச் சொல்லவில்லை. எடை குறைக்கவும் சொல்லவில்லை. கையால் செய்தவர்களுக்கும் அவரவர் பங்கு உண்டு என்று எழுதும் பிள்ளைக்குத்தான் மேல்மட்ட மதிப்பெண்.

2021 ஜூலையில் டர்பனில் வெடித்த கலவரமும் கொள்ளையும் பற்றிய கேள்வி நிச்சயம் எழும். ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். இறந்தவர்களின் உறவுகளும் தெருவில் காவல் நின்றவர்களின் உறவுகளும் அதே வகுப்பில் இருக்கலாம். 'அது பாடத்தில் இல்லை' என்று வாயை அடைத்தால் நான்கு நாள் உழைப்பும் வீண். அதற்காக 1949-ன் தொடர்ச்சி என்று ஒரே கோட்டில் இழுத்துவிடுவதும் சோம்பேறித்தனம். நிலம், வாடகை, ஆட்சி எல்லாமே இடையில் மாறியிருக்கின்றன. கேள்வியைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் ஒன்று மட்டும் செய்யலாம். அந்த 36 என்ற எண்ணைப் பலகையில் எழுதி, இதைப் புரிந்துகொள்ள எந்தெந்த அட்டவணைகள் வேண்டும், யாரிடம் அவை இருக்கும் என்று வகுப்பைக் கேளுங்கள். பிரேதப் பரிசோதனை, நீதிமன்றப் பதிவு, மனித உரிமை ஆணையத்தின் விசாரணை, போன் வீடியோ என்று பட்டியல் நீளும். யார் குற்றவாளி என்ற பேச்சுக்கு அன்று இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காலம் குறித்து ஒரு விஷயம். ஆண்டு நிறைவையொட்டி ஜனவரியில் நடத்தலாம் என்று தோன்றும். பள்ளி திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும், பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் தெரியாது, உங்களையும் தெரியாது. ஆண்டின் இரண்டாம் பாதியில், இனம் பற்றிய போலி அறிவியலும் நாஜி ஜெர்மனியும் முடிந்த பிறகு வையுங்கள். அதற்குள் வகுப்பு உங்களோடு ஒரு முறையாவது சண்டை போட்டுச் சமாதானமாகியிருக்கும்.